5.7×28 கைத்துப்பாக்கி: எஃப்என் ஃபைவ்-செவனா, ரூகர்-57ஆ?

இரண்டும் சுடுவது 5.7×28 மிமீ என்ற சிறிய தோட்டாவைத்தான். இரண்டிலும் மேகசினுக்கு 20 தோட்டா, இரண்டிலும் உதைப்பு குறைவு, ஆனால் சத்தம் காதைப் பிளக்கும், அதனால் காதுக்கவசம் இல்லாமல் சுடவே வேண்டாம்.

பெல்ஜியத்தின் எஃப்என், தன் பி90 என்ற குட்டி இயந்திரத் துப்பாக்கிக்காக இந்தத் தோட்டாவையே உருவாக்கிய நிறுவனம். அதன் ஃபைவ்-செவன் எடை குறைவு, எஃகு ஸ்லைடின் (சுடும்போது பின்னால் நகரும் மேல்பகுதி) மேல் பாலிமர் உறை, விலைதான் ரொம்ப அதிகம். சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் விசை, ட்ரிக்கருக்கு மேலே ஃப்ரேமில் இருப்பது எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

2019 இறுதியில் வந்த ரூகரில் அந்த சேஃப்டி கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே, 1911 என்ற பழைய அமெரிக்கக் கைத்துப்பாக்கியின் பாணியில், இரண்டு பக்கமும் இருக்கிறது. கொஞ்சம் கனம்தான், ஆனால் விலை நன்றாகவே குறைவு. என் ஓட்டு ரூகருக்கு. மிச்சமாகும் பணத்தில் தோட்டா வாங்குங்கள். இது பரவலாகப் புழங்கும் 9 மிமீ தோட்டா மாதிரி மலிவாகக் கிடைக்காது, அப்புறம் சுட்டபின் மிஞ்சும் காலி உறையில் பூச்சு இருப்பதால் மறுபடி நிரப்புவதும் தொல்லை.