புது ஊரில் ரேஞ்ச் தேடிய மூன்று ஆண்டுகள்

குடிவந்த முதல் வாரமே, சமையலறைப் பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல், வீட்டுக்கு மிக அருகில் இருந்த துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டேன். போய்வர 15 நிமிடம். குளிரூட்டிய கூடம், பளபளக்கும் தரை, 10 மீட்டர் தளங்கள் 8. சுவர் முழுக்கக் கோப்பைகள். அந்தக் கோப்பைகள் எந்த ஆண்டினவை என்று அருகில் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. பார்த்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். கிளப்பில் கடைசியாகப் போட்டி நடந்து பல காலம் ஆகியிருந்தது. வருபவர்கள் தனித்தனியாகச் சுட்டுவிட்டுத் தனித்தனியாகப் போனார்கள். எட்டு வாரத்தில் என்னோடு பேசியவர் காவலாளி மட்டுமே.

நான் சுடுவது ஏர் பிஸ்டல், காற்றழுத்தத்தில் இயங்கும் கைத்துப்பாக்கி. 10 மீட்டர் தூரம், 4.5 மில்லிமீட்டர் பெல்லட் என்கிற சிறு குண்டு, 60 சுடல்கள், முழு மதிப்பெண் 600. இலக்கின் 10 வளையம் 11.5 மில்லிமீட்டர் குறுக்களவு. ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான். 11 ஆண்டுகள் சுட்டு, பழைய ஊரை விட்டுக் கிளம்பும்போது என் சராசரி 552. பதக்கம் வாங்கும் எண்ணிக்கை இல்லை. ஆனால் விட்டுவிட மனம் வராத எண்ணிக்கை. இடம் மாறிய இந்த மூன்றாண்டு அனுபவத்தை எழுதுவது, என்னைப் போன்ற நடுத்தரச் சுடுநர்களை நினைத்துத்தான். மேலே இருப்பவர்களை யாராவது தேடி வந்து அழைத்துப் போவார்கள்.

உரிமம், பதிவு ஆகியவற்றைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து நகர்த்துவதற்கு முன், போய்ச் சேரும் இடத்தின் சட்டம் என்ன கேட்கிறது என்று அங்குள்ள அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய இடத்தில் பதிவே தேவைப்படாத ஏர் பிஸ்டல் புதிய இடத்தில் பதிவுக்கு உட்பட்டதாக இருக்கலாம். பழைய கிளப்பிலிருந்து ஒரு கடிதமும், கடைசி இரண்டு ஆண்டுப் போட்டி மதிப்பெண்களின் நகலும் கையில் இருக்கட்டும். எனக்கு அந்தக் கடிதம் இருமுறை கதவு திறந்தது.

இனி உண்மையான தேடலுக்கு வருகிறேன். இரண்டு மாதம் வீணான பிறகுதான் தலைகீழாக யோசித்தேன். நல்ல பயிற்சியாளர் யார் என்று யாரைக் கேட்டாலும் தனக்குத் தெரிந்தவரையே சொல்கிறார்கள். அதனால் கேட்பதை நிறுத்திவிட்டு, வட்டாரச் சங்கத்தின் போட்டி முடிவுப் பட்டியல்களை வாங்கிப் படித்தேன். மூன்று ஆண்டுப் பட்டியல்கள், ஒரு பென்சில். முதல் ஐந்து இடங்களைக் கோடிட்டு நீக்கிவிட்டேன். அவர்கள் எங்கே சுட்டாலும் 570 சுடுவார்கள், அதில் கிளப்பின் பங்கு எவ்வளவு என்று தெரியாது. நான் தேடியது நடுப்பகுதி. போன ஆண்டு 515, இந்த ஆண்டு 540 என்று ஏறிய பெயர்கள் எவை? அவை எந்தக் கிளப்பைச் சேர்ந்தவை? ஒரே ஒரு கிளப்பின் பெயருக்கு எதிரே அப்படி நான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு. அந்த வயதில் ஒருவருக்கு 25 புள்ளி கூடுகிறது என்றால் அங்கே யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றுதானே பொருள்?

அந்தக் கிளப் என் வீட்டிலிருந்து 70 நிமிடத் தூரத்தில் இருந்தது. தகரக் கூரை. தாள் இலக்குகளை கம்பியில் இழுத்து அனுப்பும் பழைய ஏற்பாடு ஒரு பக்கம், மின்னணு இலக்குகள் ஆறு மறுபக்கம். நேரே போய்ச் சேர்ந்துவிடவில்லை. ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டது போதாதா? அடுத்த போட்டிக்கு உதவிக்கு ஆள் வேண்டுமா என்று தொலைபேசியில் கேட்டேன். வேண்டாம் என்று சொன்ன கிளப்பை நான் இதுவரை பார்த்ததில்லை.

மதிப்பெண் மேசையில் உட்காரவைத்தார்கள். தாளில் துளை கோட்டைத் தொட்டதா இல்லையா என்று அளவுக் குச்சியைச் செருகிப் பார்க்கும் வேலை. ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்தால் ஒரு கிளப்பைப் பற்றித் தெரியவேண்டியதெல்லாம் தெரிந்துவிடும். தகராறு வரும்போது நடுவர் என்ன செய்கிறார், சொந்தக் கிளப் ஆளுக்கும் வெளியாளுக்கும் ஒரே அளவுக் குச்சிதானா, தோற்றவர்கள் உடனே கிளம்புகிறார்களா அல்லது நின்று பேசுகிறார்களா. எல்லாவற்றுக்கும் மேலாக, பாதுகாப்பில் ஒருவர் தவறும்போது மற்றவர்கள் முகம் எப்படிப் போகிறது என்பது.

அந்த நாளில் தவறிய ஆள் நானே. மதிய இடைவேளையில் ஓர் உறுப்பினரிடம் என் பிஸ்டலைக் காட்டலாம் என்று பெட்டியைப் பின்வரிசை நாற்காலியில் வைத்துத் திறந்தேன். பழைய கிளப்பில் அது வழக்கம். சுடும் மேசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. "மூடுங்கள். இங்கே பெட்டி திறப்பது மேசையில் மட்டும், குழாய் முனை இலக்கைப் பார்த்தபடி. குழாயில் பாதுகாப்புக் கொடி இருக்கிறதா?" குழாய் காலி என்று காட்ட உள்ளே நுழைத்துவைக்கும் கொடி அது. இருந்தது. அதைச் சொன்னேன். "நல்லது. ஆனாலும் மூடுங்கள்" என்றார். காது சூடேறியது. ஆனால் அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன், சேர்ந்தால் இங்கேதான் என்று. வேறொரு இடத்தில், கையில் பிஸ்டலோடு ஒரு பையன் பின்பக்கம் திரும்பியபோது பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே தோளைத் தட்டியதைப் பார்த்திருக்கிறேன். அங்கே இரண்டாவது முறை போகவில்லை.

முதல் போட்டியில் என் மதிப்பெண் 531. சராசரியிலிருந்து 21 புள்ளி கீழே. ஊர் மாறினால் கை மாறுமா என்று இரவெல்லாம் புலம்பியபின், குறிப்பேட்டை எடுத்துக் காரணம் தேடினேன். கை மாறவில்லை. கடிகாரம் மாறியிருந்தது. தாள் இலக்கில் 60 சுடல்களுக்கு 90 நிமிடம். மின்னணு இலக்கில் 75 நிமிடம். விதி எனக்குத் தெரியும். ஆனால் பத்தாண்டுகளாகத் தாளில் சுட்ட உடம்புக்குத் தெரியாது. கடைசி 14 சுடல்களை ஓட்டமும் நடையுமாகச் சுட்டிருக்கிறேன். போதாதற்குப் பக்கத்தில் ஒரு திரை, ஒவ்வொரு சுடலையும் உடனே காட்டியது. எட்டு விழுந்தால் அந்த எட்டையே பார்த்துக்கொண்டு அடுத்ததைச் சுட்டிருக்கிறேன். பயிற்சியில் திரையைத் திருப்பி வைத்துப் பழகவே இரண்டு மாதமானது. புதிய கிளப்பில் எந்த வகை இலக்கு என்று முதல் நாளே கேளுங்கள். நான் தரையின் பளபளப்பைத்தான் பார்த்தேன்.

அதே போட்டியில் இன்னொன்று. கருவிச் சோதனையில் என் விசை எடை தேறவில்லை. விசை என்பது சுடுவதற்கு விரலால் இழுக்கும் பகுதி. ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் தாங்கவேண்டும். எடைக்கட்டியை விசையில் மாட்டித் துப்பாக்கியை மெல்லத் தூக்குவார்கள், விசை நழுவக்கூடாது. பழைய கிளப்பின் எடைக்கட்டியில் வழக்கமாகத் தேறியது இங்கே நழுவியது. ஒன்று பழைய கிளப்பின் கட்டி குறைந்த எடை, அல்லது என் விசையின் சுருள்வில் தளர்ந்திருக்கிறது. திருகை இறுக்கித் தேறிவிட்டேன். ஆனால் போட்டி தொடங்க 20 நிமிடம் இருக்கும்போது விசையின் உணர்வு மாறுவது சுடுநருக்கு என்ன செய்யும் என்று இன்னொரு சுடுநருக்குச் சொல்லவேண்டியதில்லை. இப்போது சொந்தமாக ஓர் எடைக்கட்டி வைத்திருக்கிறேன், விளிம்பில் நிற்காமல் விசையைச் சற்றுக் கூடுதலாகவே வைக்கிறேன்.

பயிற்சியாளர்களைப் பற்றி. மூன்று பேரிடம் சோதனை வகுப்பு எடுத்தேன். முதலாமவர் முதல் அரை மணியிலேயே என் பிடியை மாற்றினார், பிறகு தன் பழைய வெற்றிகளைச் சொன்னார். நான் எத்தனை சுட்டேன் என்று கேட்கவில்லை. இரண்டாமவர் நல்லவர்தான், ரைஃபிள்காரர். பிஸ்டலை ரைஃபிளின் தம்பியாகப் பார்த்தார். மூன்றாமவர், அந்தப் பெட்டியை மூடச்சொன்ன பெண்மணி. கறுப்பு வட்டம் இல்லாத வெறும் வெள்ளைத் தாளைத் தொங்கவிட்டு 20 சுடல் சுடச்சொன்னார். ஒவ்வொன்றுக்கும் முன்குறியும் பின்குறியும் (குழாயின் முன்னும் பின்னும் உள்ள, குறிபார்க்கும் பாகங்கள்) எப்படி நின்றன, பெல்லட் எங்கே போயிருக்கும் என்று நான் வாயால் சொல்லவேண்டும். அவர் தொலைநோக்கியில் பார்த்து எழுதிக்கொண்டார். முடிவில் அவர் சொன்னது குறியைப் பற்றி அல்ல. "நல்ல சுடல்கள் எல்லாம் எட்டு விநாடிக்குள் போயிருக்கின்றன. கெட்டவை எல்லாம் பன்னிரண்டுக்கு மேல். உங்களுக்குக் கையை இறக்கிவைக்கத் தெரியவில்லை." பதினோரு ஆண்டாக என்னிடம் இதை யாரும் சொன்னதில்லை. அதற்கடுத்த மூன்று மாதம் நாங்கள் பயின்றது சுடுவதை அல்ல, சுடாமல் இறக்கிவைப்பதை.

இதற்கிடையே ஒரு குளிர்காலம் முழுக்க வேறு பாதையில் போய்வந்தேன். அருகே நடைமுறைச் சுடுதல் கிளப் ஒன்று இருந்தது. 1976இல் தொடங்கிய ஐபிஎஸ்சி என்ற சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பின் விதிகளில் நடப்பது. ஓடி, நின்று, தடுப்புக்குப் பின்னாலிருந்து சுடவேண்டும். எடுத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்து வருவதே கணக்கு. 100 புள்ளியை 20 விநாடியில் எடுத்தால் 5. நின்ற இடத்தில் நின்று 75 நிமிடத்தில் 60 சுடும் எனக்கு அது வேறு உலகம். நேராகப் போட்டிக்கு விடவில்லை. முதலில் பாதுகாப்பு வகுப்பு, அதில் தேறினால்தான் பெயர் பதிவு. நகரும்போது விரல் விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்குள் இருந்தால் வெளியேற்றம். துப்பாக்கி கைநழுவினால் வெளியேற்றம். காரணம் கேட்பதில்லை, கோபப்படுவதும் இல்லை. கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். புதிதாக வந்தவருக்கு நட்பு வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒவ்வொரு அணியிலும் சுட்டவர் போக மற்றவர்கள் எல்லாரும் அட்டை இலக்குகளில் துளையை ஒட்டவேண்டும். பசை நாடாவைக் கையில் கொடுத்துவிட்டால் எவரும் உங்கள் பெயரைக் கேட்காமல் இருப்பதில்லை. அங்கே நான் எப்போதும் கடைசி மூன்றில் இருந்தேன். விசையை அவசரமாக இழுக்கும் பழக்கம் ஏர் பிஸ்டலுக்குள் வந்துவிடும்போல் இருந்ததால் போட்டியை விட்டேன். ஒட்டும் வேலைக்கு மட்டும் இன்னும் எப்போதாவது போகிறேன்.

பணம் கட்டியபின் தெரியவந்த சில சின்ன விஷயங்கள். பிஸ்டலின் காற்று உருளையில் பொறித்த தேதியைப் பாருங்கள். என்னுடையதன் பத்தாண்டு ஆயுள் இரண்டாவது ஆண்டில் முடிந்தது. பழைய கிளப்பில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், இங்கே 200 பார் அழுத்தத்துக்குக் காற்று நிரப்ப மறுத்துவிட்டார்கள், சரியாகத்தான் மறுத்தார்கள். நிரப்பும் இணைப்பான் உங்கள் பிஸ்டல் தயாரிப்புக்குரியதாக இருக்கவேண்டும், அதைக் கிளப்பில் எதிர்பார்க்காதீர்கள். விளக்கொளி இன்னொன்று: இலக்கின் மேல் 1,500 லக்ஸ் அளவு ஒளியாவது விழவேண்டும் என்பது விதி, மாலையில் கூரை விளக்கு பாதி அணைந்திருக்கும் இடத்தில் முன்குறி மங்கித் தெரிந்தால் கண் மருத்துவரிடம் ஓடுவதற்கு முன் மேலே பாருங்கள். நான் ஓடினேன்.

70 நிமிடப் பயணம் கட்டுப்படியாகிறதா என்று கேட்பார்கள். வாரம் ஒருமுறை மட்டும் போகிறேன். மற்ற நாட்களில் ஐந்து இரவு பெல்லட் இல்லாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து, 20 நிமிடம் வெற்று விசைப் பயிற்சி. வெறும் காலியான துப்பாக்கி என்று நம்பிவிடாமல், பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு வருவேன். பெட்டியை மூடச்சொன்னவர் கற்றுக்கொடுத்த இன்னொரு பழக்கம் அது. அருகிலிருந்த பளபளப்பு ரேஞ்சின் சந்தா முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. இப்போது அங்கே நாள் கட்டணம் கட்டி, போட்டிக்கு முந்தைய வாரம் 75 நிமிட ஒத்திகை ஒன்று சுட்டுவிட்டு வருகிறேன். யாரும் பேசாத இடம் அதற்கு நன்றாகவே உதவுகிறது. முதலிலேயே நாள் கட்டணத்தில் மூன்று மாதம் ஓட்டியிருக்கவேண்டியவன் நான்.

சென்ற ஆறு போட்டிகளின் சராசரி 557. பழைய ஊர்க் கணக்கைவிட 5 கூடுதல். ஒருமுறை 563 வந்தது. அன்றைக்கு வீடு திரும்பும் 70 நிமிடமும் வண்டியில் பாட்டு வைக்கவில்லை.

தீராத குறை 25 மீட்டர். புள்ளி 22 (0.22 அங்குலக் குண்டு) பிஸ்டலில் சுட ஆசை. ஆனால் தகரக் கூரைக் கிளப்பில் அந்தத் தூரத்துக்கு இடமில்லை. இருக்கும் ஒரே தளம் இன்னும் தொலைவில், அதுவும் மாதத்தில் இரண்டு நாள்தான் வெளியாட்களுக்குத் திறக்கிறார்கள். அவர்களுடைய முடிவுப் பட்டியலைக் கேட்டு எழுதியிருக்கிறேன். அடுத்த மாதப் போட்டிக்கு ஆள் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.