ஏசி72-ஆ, ஏசி75-ஆ?

இரண்டுமே அமெரிக்காஸ் கப் என்ற பாய்மரப் படகுப் பந்தயத்துக்கென்றே பிறந்த படகுகள். 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓடிய ஏசி72-க்கு இரட்டை உடல். பெரிய பாய்க்குப் பதில் விமான இறக்கை போல விறைப்பான ஒன்று. அதைக் கிரேன் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். 2021-இல் ஆக்லாந்தில் இறங்கிய ஏசி75-க்கு ஒற்றை உடல், துணிப் பாய். பக்கத்துக்கு ஒன்றாக மடங்கும் கைகள். ஒன்று தண்ணீருக்குள் இருந்து படகையே மேலே தூக்கும், மற்றது காற்றில் தொங்கியபடி எடை கொடுக்கும். ஏதோ பூச்சி நடப்பது போலத்தான் தெரியும்!

வேகத்தில் ஏசி75தான், மணிக்கு 50 கடல் மைலைத் தாண்டும். ஆனால் விறுவிறுப்பு என்றால் என் ஓட்டு பழையதற்கே. 2013-இல் 1-8 எனப் பின்தங்கிய அமெரிக்காவின் ஆரக்கிள் அணி, நியூசிலாந்தை 9-8 என வென்றதே! அதே நியூசிலாந்துதான் அப்புறம் 2021, 2024 இரண்டு முறையும் ஏசி75-இல் கோப்பையை வென்றது.