மின்காரில் சார்ஜை மிச்சப்படுத்துவது காலா, குரூஸ் கண்ட்ரோலா?

எலெக்ட்ரிக் காரில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலேயே வைத்த வேகத்தில் வண்டியை ஓட்டும் குரூஸ் கண்ட்ரோலைப் போட்டால் சார்ஜ் மிச்சமாகுமா என்று கேட்பவர்களிடம், "எத்தனையில் போடுவீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். காற்றைக் கிழித்துக்கொண்டு போக ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் மின்சாரம், வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு வந்தால் அந்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். எந்தக் குரூஸும் இதற்கு ஈடாகச் சேமித்துத் தராது. இதை ஒப்புக்கொண்டால் மேலே பேசலாம்.

முதலில் சாதாரண குரூஸ். இதைக் கண்டுபிடித்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். அவருடைய வக்கீல் பேசிக்கொண்டே கார் ஓட்டுவாராம். பேசும்போது வண்டி மெதுவாகும், கேட்கும்போது பாயும். அந்தக் குலுக்கலில் பிறந்த யோசனை, 1958-இல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. நம்மில் பலருடைய கால் இன்னும் அந்த வக்கீலின் கால்தான். உளுந்தூர்பேட்டை தாண்டித் திருச்சி நோக்கிப் போகும் சாலையில், விடியற்காலையில், 80-இல் போட்டுவிட்டால் சாதாரண குரூஸை மிஞ்ச ஆளில்லை. பெட்ரோல் காரில் சிலர் வேகமெடுப்பதும் உருளவிடுவதுமாக ஓட்டி மைலேஜ் எடுப்பார்கள். மின்மோட்டார் குறைந்த சுமையிலும் திறமையாகவே ஓடும் என்பதால் அந்த வித்தை இங்கே அதிகம் எடுபடாது. ஒரே சீரான வேகம்தான் லாபம்.

அடுத்தது, முன்னால் போகும் வண்டியை ரேடாரால் பார்த்து இடைவெளி விடும் அடாப்டிவ் குரூஸ். நெரிசலில் இது கால்வலியைக் குறைக்கும். சார்ஜைக் காப்பாற்றுமா என்பது இடைவெளியைப் பொறுத்தது. குறைந்த இடைவெளியில் வைத்தால், வலது தடத்தை விட்டு நகராத லாரியை நெருங்கிய பிறகே வேகத்தைக் குறைக்கும். லாரி விலகியதும் பாயும். 1,600 கிலோ எடையுள்ள கார் 100-லிருந்து 80-க்குக் குறையும்போது விடும் ஆற்றல் சுமார் 60 வாட்-மணி. மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதைப் பேட்டரிக்குத் திருப்பும், ஆனால் முழுதாக அல்ல. மூன்றில் ஒரு பங்கு போனால் ஒரு முறைக்கு 20 வாட்-மணி. சில்லறைதான். நாற்பது முறை நடந்தால் 0.8 யூனிட், அதாவது ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். ஆகவே இருப்பதிலேயே பெரிய இடைவெளியை வையுங்கள். அந்த இடத்தில் பைக் ஒன்று நுழையத்தான் செய்யும். நுழையட்டும்.

ரேடாரையும் வரைபடத்தையும் பார்த்து, எப்போது உருளவிடுவது, எவ்வளவு மின்சாரத்தைத் திருப்பி எடுப்பது என்று தானே தீர்மானிக்கும் கார்களும் உண்டு. ஹூண்டாய் ஐயானிக் 5-இல் முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப, திருப்பி எடுக்கும் அளவு கூடும், குறையும். போர்ஷே டைகானில் காலை எடுத்தால் வண்டி பெரும்பாலும் உருளவே செய்யும். திருப்பி எடுத்துச் செலவழிப்பதைவிட எடுக்காமல் உருளுவதே மேல் என்பது அவர்கள் கணக்கு. எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் சேமிப்புக்காக மட்டும் ரேடார் வைத்த வேரியன்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்க மாட்டேன்.

மேட்டில் நான் காலைத்தான் நம்புகிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்குச் சுமார் 400 மீட்டர் ஏற்றம். 1,600 கிலோவை அவ்வளவு உயரம் தூக்கவே 1.7 யூனிட் வேண்டும். குரூஸ் போட்டால் ஏற்றத்திலும் 80-ஐ விடாமல் இழுக்கும். நான் பின்னால் வருபவருக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்கு 70 வரை இறங்கவிட்டு, அடுத்த சரிவில் மோட்டாரைத் தொடாமலேயே வேகத்தை மீட்டுக்கொள்வேன்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் வரும் தொப்பூர் மலை இறக்கம் வேறு கதை. அங்கே மிச்சத்தைவிட பிரேக் முக்கியம். பேட்டரி நிரம்பியிருந்தால் திரும்பும் மின்சாரத்தை அது ஏற்காது. காலை எடுத்ததும் வேகத்தைக் குறைக்கும் அந்தப் பழகிய இழுவை இல்லாமல் வண்டி ஓடும், பிரேக்கை மிதித்துத்தான் பிடிக்க வேண்டும். அதனால் தர்மபுரிப் பக்கம் சார்ஜ் போட்டால் 85 சதவீதத்திலேயே கழற்றிவிடுவேன்.