புல்மோட்டைக் கறுப்பு மணல்: மணலாகவே ஏற்றுவதா, ஆக்கி விற்பதா?

"மணலாக விற்றுப் பெயின்டாக வாங்குகிறோம்." புல்மோட்டைக் கறுப்பு மணலின் இல்மனைட் (டைட்டானியமும் இரும்பும் ஒக்சைட்டாகச் சேர்ந்த கனிமம்) பற்றிப் பேச்சு எழுந்தால் இந்த வசனம் வராமல் போகாது. பாதி உண்மைதான். ஆனால் மணலுக்கும் பெயின்டில் போகும் வெள்ளை நிறமியான டைட்டானியம் ஒக்சைட்டுக்கும் நடுவே பல படிகள் உண்டு. ஒவ்வொரு படியும் மணலோடு இன்னொன்றையும் கேட்கும்: மின்சாரம், நிலக்கரி, அமிலம், குளோரின். எந்தப் படியில் நிற்கலாம் என்பது அந்த இன்னொன்றின் கையில் இருக்கிறது.

சொத்து என்னவோ அபூர்வமானதுதான். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே 50 கிலோமீற்றர் தாண்டினால் வரும் இந்தக் கரையின் மூல மணலில் ஏறத்தாழ 70 சதவீதம் இல்மனைட். சிர்கோனும், பெரும்பாலும் டைட்டானியம் ஒக்சைட்டே ஆன ரூட்டைலும் தலா 8 சதவீதமளவு, மொனசைட் 0.3. வாடைக்காற்றுக் காலத்தில் அலை இலேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு கனமான கறுப்பை விட்டுவிட்டுப் போகும். தோண்டிய இடம் ஓரளவு நிரம்புவது அதனால்தான். ஓரளவு மட்டும்.

முதல் தெரிவு, 1961 முதல் நடக்கும் வேலை: பிரித்து ஏற்றுவது. சுருள் தொட்டிகளில் தண்ணீரோடு ஓடவிட்டால் அடர்த்தி 4.7 உள்ள இல்மனைட் உட்புறமாகத் தங்கும், 2.65 உள்ள சாதாரண மணல் வெளிப்புறமாக ஓடிவிடும். காயவைத்துக் காந்தத்தில் விட்டால் இல்மனைட் ஒட்டும். மிஞ்சியதை உயர் மின்னழுத்த உருளையில் விட்டால் மின் கடத்தும் ரூட்டைல் ஒரு பக்கம், கடத்தாத சிர்கோன் மறுபக்கம். கெட்டுப்போகும் இடம் இதுதான்: கடல் நீரில் கழுவியதை நன்னீரில் அலசாவிட்டால் மணிகளில் உப்புப் படலம் படியும், அது ஈரத்தை இழுக்கும், சிர்கோனும் மின் கடத்தத் தொடங்கி ரூட்டைலோடு கலந்துவிடும். ஆகவே காய்ந்த இந்தப் பிரதேசத்தில் நன்னீரே முதல் செலவு. அடுத்தது போக்குவரத்து. புல்மோட்டைக் கடல் திறந்த கடல், வாடையில் ஏற்ற முடியாது. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதென்றால் 10,000 தொன் கப்பலுக்கு 20 தொன் லொறி 500 நடை. அந்தச் சுமையில் பாதிக்குச் சற்றுக் குறைவு வெறும் இரும்பு ஒக்சைட்.

அந்த இரும்பை இங்கேயே கழற்றிவிடலாமே என்பதுதான் இரண்டாவது தெரிவு. இரண்டு வழி உண்டு.

ஒன்று மின் உலை. கரியோடு சேர்த்து 1,650 பாகைக்கு மேல் உருக்கினால் இரும்பு அடியில் இறங்கும், 85 சதவீதமளவு டைட்டானியம் ஒக்சைட் உள்ள கசடு மேலே நிற்கும். இரண்டுமே விலைபோகும். ஆனால் ஒரு தொன் கசடுக்கு ஏறக்குறைய 2,000 யூனிட் மின்சாரம் வேண்டும். வருடம் 50,000 தொன் என்றால் 10 கோடி யூனிட். அதுவும் அறுபடாமல். 2022 மார்ச்சில் இலங்கையில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அப்படியொரு நாளில் உலைக்குள் இருப்பது கல்லாகிவிடும், உட்சுவரும் விரிசல் விடும். சாம்பூர் நிலக்கரி மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்ட பிறகு, பக்கத்திலேயே பெரிய மின்சாரம் என்ற பேச்சும் போயிற்று.

மற்றது செயற்கை ரூட்டைல்: உருக்காமல் இல்மனைட்டின் இரும்பை மட்டும் நீக்குவது. மேற்கு அவுஸ்திரேலியாவில் சுழலும் சூளையில் நிலக்கரியோடு வறுத்து, இரும்பைத் துருப்பிடிக்க வைத்துக் கழுவுகிறார்கள். அது காலப்போக்கில் இயற்கையாகச் சிதைந்த, டைட்டானியம் ஒக்சைட் 60 சதவீதத்தை ஒட்டிய இல்மனைட்டுக்கு ஏற்றது. நம்முடையது 53 அளவு, கழற்ற வேண்டிய இரும்பு கூட. கொச்சியில் ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, அந்த இரும்பைப் பெரிக் குளோரைட்டாக நீர் சுத்திகரிப்புக்கு விற்கிறார்கள். புல்மோட்டைக்குப் பொருந்துவது இந்த வழிதான் என்று சொல்லலாம். அத்தனை பெரிக் குளோரைட்டை யார் வாங்குவார் என்று முதலில் கேட்டுவிட்டு.

மூன்றாவது, மேடைகளுக்குப் பிடித்தது: நிறமித் தொழிற்சாலை. சல்பேட் முறையில் ஒரு தொன் நிறமிக்கு இரண்டு தொன்னுக்கு மேல் இல்மனைட்டும் 3 தொன்னுக்கு மேல் செறிந்த கந்தக அமிலமும் போகும். வெளியே வருவது 3 முதல் 4 தொன் பச்சை நிற இரும்புச் சல்பேட்டும், ஏராளமான நீர்த்த அமிலமும். கொட்ட இடம்? வடக்கே கொக்கிளாய்க் களப்பு, இறாலும் மீனும் குஞ்சு வளர்க்கும் தண்ணீர். கரை முழுக்க மீன் வாடிகள். இல்மனைட்டில் குரோமியம் சற்றுக் கூடினாலும் வெள்ளை மங்கிவிடும், அப்போது முதல்தர விலையும் கிடைக்காது. குளோரைட் முறையில் கழிவு குறைவு, ஆனால் 900 பாகைக்கு மேல் குளோரின் வாயுவைக் கையாள வேண்டும். இல்மனைட்டை நேரே போட்டால் குளோரின் இரும்போடு வீணாகும், ஆகவே இரண்டாவது தெரிவை முடித்துவிட்டுத்தான் இங்கே வரலாம். கேரளத்துச் சவறாவில் 1984 முதல் மணலிலிருந்து நிறமி வரை ஒரே வளாகத்தில் செய்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இந்தியாவின் இரசாயனத் தொழிலும் உள்நாட்டுச் சந்தையும் நிற்கின்றன.

இந்தச் சண்டையில் கவனிக்கப்படாமல் கிடப்பது சிர்கோன். ஒரு தொன் சிர்கோன் பல தொன் இல்மனைட்டின் விலைக்குப் போகும். அதை ஒன்றிரண்டு மைக்ரோன் அளவுக்கு அரைத்தால் தரை ஓட்டுக்கும் பீங்கானுக்கும் வெண்மெருகு. வேண்டியது அமிலமல்ல, நல்ல ஆலையும் தூசி பிடிக்கும் வடிகட்டியும். ரூட்டைல் வெல்டிங் குச்சிப் பூச்சுக்கு நேராகவே போகும். முதல் முதலீட்டை இங்கே போடலாம், உப்பு அலசும் நன்னீரும் இதோடு சேர்ந்தே சீராகும். ஒரு நிபந்தனை: சிர்கோனைத் தூய்மையாக்கும்போது கதிர்வீச்சுள்ள தோரியம் கொண்ட மொனசைட் தனியாகச் சேரும். அதைப் பழையபடி கரையில் கொட்ட முடியாது. அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதியோடு பூட்டிய களஞ்சியம் வேண்டும். அந்தச் செலவு இல்லாமல் வரும் திட்ட அறிக்கையைப் படிக்காமலே திருப்பி அனுப்பலாம்.