ராஸ்பெர்ரி பை 4-இன் வாட்ச்டாக்: மில் மீட்டர்களோடு ஓட்டிப் பார்த்த அனுபவம்

நூற்பு மில்களில் மின் மீட்டர்களைப் படித்துத் தகவல் அனுப்பும் கேட்வே பெட்டிகளைச் செய்து தருவது என் வேலை. பெட்டிக்குள் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறிய கணினி போர்டு, மீட்டர்களின் ஆர்எஸ்485 கம்பித் தொடர்பை யுஎஸ்பிக்கு மாற்றும் ஒரு கன்வர்ட்டர், தனி அடாப்டரில் ஒரு 4ஜி ரவுட்டர். பஞ்சு பறக்கிற பேனல் அறையில் நடுராத்திரி பெட்டி உறைந்துபோனால் அதை அணைத்துப் போட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் போர்டின் வேகத்தைவிட உள்ளே இருக்கும் வாட்ச்டாக் டைமர்தான் எனக்கு முக்கியம். குறித்த நேரத்துக்குள் மென்பொருள் அதைத் 'தட்டி' மறுபடி எண்ண வைக்காவிட்டால், அது தானாகவே போர்டை ரீசெட் செய்துவிடும்.

டைமர் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பை 4-இன் சிப் பிசிஎம்2711 என்றாலும், லினக்ஸில் டைமரை இயக்குவது பழைய பிசிஎம்2835 வாட்ச்டாக் டிரைவர்தான். வடிவமைப்பில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அதன் ரெஜிஸ்டரில் (டைமரைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடம்) எதை எழுதினாலும் மேல் பைட்டில் 5ஏ என்ற ஹெக்ஸ் கடவு எண் இருந்தாக வேண்டும். தறிகெட்டு ஓடும் நிரல் கண்ட இடத்தில் எழுதினாலும் டைமர் எளிதில் நின்றுவிடாது. சாதாரண ரீபூட் கட்டளைக்கும் டிரைவர் இதே டைமரை மிகச் சிறிய நேரத்துக்கு வைத்துத்தான் ரீசெட் செய்கிறது. சுற்று உயிரோடு இருக்கிறதா என்பது ஒவ்வொரு ரீபூட்டிலும் தெரிந்துவிடும்.

அமைப்பது சுலபம். லினக்ஸில் நிரல்களைத் தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டியின் பொது அமைப்புக் கோப்பில் ரன்டைம்வாட்ச்டாக்செக் என்ற வரிக்கு 10 என்று கொடுத்தால் போதும். பாதி நேரத்துக்கு ஒருமுறை சிஸ்டம்டியே டைமரைத் தட்டிக்கொண்டிருக்கும். கவுண்டர் 20 பிட், விநாடிக்கு 65,536 துடிப்பு. 16 விநாடிக்குள் நிரம்பிவிடும் என்பதால் டிரைவர் வைத்திருக்கும் உச்சம் 15 விநாடி. பழைய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) 60 என்று போட்டால் ஏற்காது. புதியவற்றில் ஏற்கும், இடையில் கெர்னலே ஹார்டுவேரைத் தட்டிக் காலத்தை நீட்டிக்கொள்கிறது. கெர்னல் செத்தால் 15 விநாடிக்குள் ரீசெட், மேலே உள்ள நிரல்கள் மட்டும் நின்றால் 60 விநாடி காத்திருப்பு. எனக்கு அந்த நீட்டிப்பு தேவைப்படவில்லை, 10-லேயே வைத்திருக்கிறேன்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதவே போதாது. ஒரு மில்லில் கன்வர்ட்டர் பதில் தருவதை நிறுத்திவிட்டது, மீட்டர் படிக்கும் நிரல் அந்தப் பதிலுக்காகவே காத்து நின்றுவிட்டது. சிஸ்டம்டி நலமாக இருந்தது, டைமரையும் ஒழுங்காகத் தட்டியது. விடியும்வரை ஒரு ரீடிங்கூட வரவில்லை. கேட்டில் வாட்ச்மேன் முழித்திருப்பதால் உள்ளே மெஷின் ஓடுகிறது என்று சொல்லிவிட முடியாது அல்லவா?

ஆகவே மீட்டர் படிக்கும் நிரலுக்கான சர்வீஸ் கோப்பில் வாட்ச்டாக்செக் 60 என்று தனியாக வைக்க வேண்டும். நிரலிலிருந்து போகும் 'உயிரோடிருக்கிறேன்' செய்தியை எங்கே அனுப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தனி த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் கிளை) போட்டு அனுப்பினால் அந்த த்ரெட் உயிரோடு இருப்பது மட்டும்தான் தெரியும். ஒரு மீட்டரிலிருந்தாவது சிஆர்சி (பிழை சோதிக்கும் எண்) சரியான பதில் வந்த பிறகே நான் அனுப்புகிறேன். 60 விநாடி அமைதி நீடித்தால் சிஸ்டம்டி சர்வீஸை நிறுத்தும்; அதே கோப்பில் ரீஸ்டார்ட் வரிக்கு ஆன்-ஃபெயிலியர் என்று கொடுத்திருந்தால் மறுபடி தொடங்கும். போர்ட்டைத் திறந்து மூடுவதிலேயே பெரும்பாலும் கன்வர்ட்டர் சரியாகிவிடுகிறது.

அப்படியும் சரியாகவில்லை என்றால் முழு ரீபூட் வேண்டும். ஸ்டார்ட்லிமிட்ஆக்‌ஷன் என்பதற்கு ரீபூட் என்று கொடுக்கலாம்; சர்வீஸ் வரம்பை மீறி அடிக்கடி தொடங்கினால் பெட்டியே ரீபூட் ஆகும். ஆனால் இயல்பான வரம்பு 10 விநாடிக்குள் 5 முறை தொடங்குவது. நிமிடத்துக்கு ஒருமுறை விழும் சர்வீஸ் அந்த வரம்பை ஒருநாளும் தொடாது, ரீபூட்டும் நடக்காது. கால அளவை 15 நிமிடமாக நீட்டிய பிறகுதான் இந்த அடுக்குக்கே அர்த்தம் வருகிறது. இதைச் சொல்லும் வழிகாட்டிகள் மிகக் குறைவு, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

குறைகளும் உண்டு. கடைசி ரீசெட் வாட்ச்டாக்கால் வந்ததா, மின்சாரம் போய் வந்ததா என்று இந்த டிரைவர் சொல்வதில்லை; பூட் நிலை விவரம் அதில் இல்லவே இல்லை. வாடிக்கையாளர் "ஏன் சார் ரீஸ்டார்ட் ஆச்சு?" என்று கேட்டால் கையில் ஆதாரம் இருக்காது. ஜர்னலை (சிஸ்டம்டியின் பதிவேடு) டிஸ்கில் நிலையாகச் சேமிக்க வைத்து, முந்தைய பூட்டின் பதிவு ஷட்டவுன் வரிகள் இல்லாமல் பாதியில் அறுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். அப்போதும் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது, யுபிஎஸ் பதிவோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. தொழிற்சாலைக்குப் போகும் சாதனத்தில் இது சின்னக் குறை இல்லை.

இன்னொன்று, இது சிப்பை மட்டுமே ரீசெட் செய்யும். தனி அடாப்டரில் ஓடும் ரவுட்டர் தொங்கினால் வாட்ச்டாக் அதைத் தொடாது, ரிலே வைத்து மின்சாரத்தைத் துண்டித்தாக வேண்டும். எஸ்டி கார்டு கெட்டுப்போனாலும் உதவி இல்லை. அப்புறம், இந்த டைமரை மென்பொருளால் நிறுத்த முடியும். எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலரில் உள்ள ஐடபிள்யூடிஜி என்ற வாட்ச்டாக் ஒருமுறை தொடங்கினால் ரீசெட் வரை நிற்காது, தனக்கென்று தனி ஆசிலேட்டரும் (கடிகாரத் துடிப்பு தரும் சுற்று) வைத்திருக்கிறது. மோட்டாரை நேரடியாகக் கட்டுப்படுத்தும் வேலைக்கு நான் அதைத்தான் எடுப்பேன். மீட்டர் படித்து அனுப்ப பை தாராளமாகப் போதும்.

வாங்கியவர்கள் மில்லுக்கு அனுப்பும் முன் மேசையிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். கெர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் சிஸ்ஆர்கியூ வழியாக 'சி' எழுத்தை அனுப்பி கெர்னலை வேண்டுமென்றே விழ வைத்து, 10 விநாடிக்குள் போர்டு ரீசெட் ஆகிறதா என்று பாருங்கள். பிறகு ஆர்எஸ்485 வயரைக் கழற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். முதலில் சர்வீஸ் சில முறை மறுபடி தொடங்க வேண்டும், அப்புறம் பெட்டி முழுதாக ரீபூட் ஆக வேண்டும்.