பழைய சிறு கப்பலில் அறை பெரிதா, மேல்தளம் பெரிதா? நான்கு வகைக் கப்பல்களின் அலசல்

ஃபுளோரிடாவின் டாம்பா துறைமுகத்துக்குள் வர வேண்டிய எந்தக் கப்பலும் சன்ஷைன் ஸ்கைவே பாலத்துக்கு அடியில் நுழைந்தாக வேண்டும். தண்ணீருக்கும் பாலத்துக்கும் நடுவே இருப்பது சுமார் 55 மீட்டர்தான். பால்டிமோருக்குப் போகிற வழியில் செசாபீக் விரிகுடாப் பாலம் சுமார் 57 மீட்டர். ஜாக்சன்வில்லில் டேம்ஸ் பாயிண்ட் பாலம் 53 மீட்டர். இருபது மாடிக் கப்பல்களுக்கு இந்த மூன்று ஊரிலும் வழி கிடையாது. தொண்ணூறுகளில் கட்டிய சுற்றுலாக் கப்பல்கள் இன்னும் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டிக்கெட் மலிவு என்பது இன்னொன்று.

அப்படி ஓடுகிறவற்றில் நான்கு வகையை இங்கே எடுத்துக்கொள்வோம். கார்னிவல் நிறுவனத்தின் ஃபேன்டசி வகுப்பில் (வகுப்பு என்றால் ஒரே வடிவமைப்பில் கட்டிய கப்பல்களின் வரிசை) மிஞ்சிய இரண்டு: எலேஷன், பாரடைஸ். இரண்டும் 1998, சுமார் 70,000 டன். இந்த வகுப்பின் மற்ற ஆறும் 2020-இலிருந்து உடைக்கப் போய்விட்டன. அடுத்து, ராயல் கரீபியன் நிறுவனத்தின் விஷன் வகுப்பு: கிராண்டியர் (1996), என்சான்ட்மென்ட் (1997), ராப்சடி (1997), விஷன் (1998). ஹாலந்து அமெரிக்கா என்ற நிறுவனத்தின் வோலண்டாம் (1999), ஸான்டாம் (2000) ஜோடி, சுமார் 61,000 டன். கடைசியாக, ரினைசான்ஸ் என்ற நிறுவனத்துக்காக 1998-க்கும் 2001-க்கும் இடையே பிரான்ஸின் செயின்ட் நசேரில் கட்டிய ‘ஆர்’ கப்பல்கள் எட்டு. வெறும் 30,277 டன், 181 மீட்டர் நீளம். 2001 செப்டம்பரில் ரினைசான்ஸ் திவாலாகி, கப்பல்கள் பல கை மாறி, இப்போது நான்கு அசமாரா நிறுவனத்திடமும் நான்கு ஓஷியானியா நிறுவனத்திடமும் இருக்கின்றன.

விளம்பரங்களிலும் ஏஜென்ட் பேச்சிலும் ‘ஸ்பேஸ் ரேஷியோ’ என்ற எண் அடிக்கடி வரும். கப்பலின் டன்னைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அது. அறைக்கு இருவர் என்று வைத்தால் ஆர் கப்பலில் 44, வோலண்டாமில் 43, விஷன் வகுப்பில் 38-ஐ ஒட்டி, எலேஷனில் 33, 34. இதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இங்கே டன் என்பது எடையும் அல்ல, தரைப் பரப்பும் அல்ல; கப்பலின் மூடிய பகுதிகளின் கன அளவிலிருந்து வருகிற எண். நடுவில் ஏழு மாடி உயரத்துக்குக் கண்ணாடி லிஃப்ட் வைத்துத் திறந்த கூடம் கட்டினால் அந்த வெறுங்காற்றும் கணக்கில் ஏறும். நீங்கள் நாற்காலி போட்டு உட்காரும் திறந்த மேல்தளமோ கணக்கில் வராது. எண்ணில் கடைசியாக நிற்கும் எலேஷனில் சாதாரண அறை ஆர், விஷன் கப்பல்களைவிடப் பெரிது. முதலில் நிற்கும் ஆர் கப்பலில்தான் குளியலறை சிறிது.

அறைக்குள்

நம் ஊர்ப் பத்துக்குப் பத்து அறையை நினைத்துக்கொள்ளுங்கள்: நூறு சதுர அடி. விஷன் வகுப்பில் ஜன்னல் இல்லாத உள் அறை, குளியலறையையும் சேர்த்து, 140 சதுர அடியை ஒட்டித்தான் வரும். ஜன்னல் அறை 150-க்குக் கொஞ்சம் மேல். ஆர் கப்பலில் உள் அறை 160 சதுர அடியை ஒட்டி இருக்கும்; பால்கனி அறை 175, பால்கனி தனியாக 40. எலேஷன், பாரடைஸில் உள் அறையே 185 சதுர அடி. வோலண்டாமில் ஜன்னல் அறைகள் 190-ஐத் தொடும், பலவற்றில் சோபாவும் குளியல் தொட்டியும் உண்டு.

140-க்கும் 185-க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும். உள்ளே போனால்தான் விஷயம் புரியும். 185-இல் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தாண்டிப் போகலாம். ஒரு பெட்டியைத் தரையில் திறந்தே வைக்கலாம். 140-இல் ஒருவர் உடை மாற்றும்போது மற்றவர் கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். மூன்றாவது ஆளுக்காகக் கூரையிலிருந்து இறங்கும் தொங்கு கட்டிலைப் போட்டால் அதன் ஏணி நிற்கும் இடமும் போச்சு. இரண்டு பிள்ளைகளோடு போகிறவர்கள் விஷன் வகுப்பின் உள் அறையை எடுப்பதைவிட, அதே காசில் எலேஷன் எடுப்பது மேல். அல்லது விஷனிலேயே எதிரெதிராக இரண்டு உள் அறை எடுக்கலாம், குளியலறையும் இரண்டாகும்.

சென்னைக்காரர்களுக்குப் பழகிய கப்பல் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2022-இலும் 2023-இலும் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓடிய, 2023-இல் காங்கேசன்துறை வரைக்கும் போய்வந்த கார்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ், 1990-இல் ராயல் கரீபியனுக்காகக் கட்டிய கப்பல்; 48,563 டன், சுமார் 211 மீட்டர் நீளம். மூன்று நான்கு இரவுப் பயணத்துக்கென்றே திட்டமிட்டதால் அதன் உள் அறைகள் 120 சதுர அடியைக்கூடத் தொடாது. அதில் போய், ‘கப்பல் அறை என்றாலே இப்படித்தான்’ என்று முடிவு கட்டியவர்கள் எலேஷனின் அறையைப் பார்த்தால் கருத்தை மாற்றிக்கொள்வார்கள்.

குளியலறைதான் பழைய கப்பலின் பெரிய தலைவலி. தொழிற்சாலையில் ஒரே பெட்டியாகச் செய்து கொண்டுவந்து அறைக்குள் பொருத்தியது அது. பின்னால் ஓடு மாற்றலாம், குழாய் மாற்றலாம். நீள அகலத்தை நீட்ட முடியாது. வாசலில் ஐந்தாறு அங்குல மேடு இருக்கும். இரவில் எழுந்து போகிற பெரியவர்கள் இடறுவது அங்கேதான். அறையின் ராத்திரி விளக்கைவிடக் குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பது நல்லது.

விஷன் வகுப்பிலும் ஆர் கப்பல்களிலும் சாதாரண அறைகளின் ஷவர் மூலையில் ஒரு சின்னக் கூண்டு. திரைச்சீலை வைத்த ஷவராக இருந்தால் அது உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம், சுடுநீரின் ஆவி மேலே எழும்போது கீழிருந்து குளிர்காற்று திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது என்பது. திரையின் கீழ்ப்பக்கத்தை முதலில் நனைத்து, ஓரத் திட்டின் உள்பக்கம் ஒட்டவைத்துவிட்டுப் பிறகு தண்ணீரைத் திறந்தால் பாதித் தொல்லை தீரும். ஓஷியானியா தன் ஆர் கப்பல்களின் குளியலறைகளை 2018-இலிருந்து வரிசையாகப் புதுப்பித்தது. ஆக, எந்தக் கப்பலானாலும் புக் செய்யும் முன் அந்த அறை வகையின் குளியலறைப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கட்டில் படம் எல்லாரும் காட்டுவார்கள்.

வோலண்டாமின் தொட்டி வேறு ஒரு சிக்கல். குளிக்க இடம் தாராளம், ஆனால் உள்ளே இறங்க முழங்கால் உயரத்துக்குக் காலைத் தூக்க வேண்டும், அதுவும் ஆடுகிற கப்பலில். முட்டி வலி உள்ள அம்மா அப்பாவுக்குத் தொட்டி இல்லாத, ஷவர் மட்டும் உள்ள அறையைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

கழிவறை எல்லாக் கப்பலிலும் வெற்றிடத்தால் உறிஞ்சும் வகைதான். ஈரத் துடைப்புத் தாளை (வெட் வைப்) யாரோ ஒருவர் போட்டால் அந்தக் குழாய் வரிசையில் உள்ள பல அறைகளில் ஒன்றாக நின்றுபோகும். பழைய குழாய்களில் இது அடிக்கடி நடக்கும். அடைப்பே இல்லாமல் நாற்றம் மட்டும் வந்தால், பெரும்பாலும் தரை வடிகாலில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகு ஆளைக் கூப்பிடலாம்.

மின்சாரம்

1990-களில் அறை கட்டியவர்கள் ஒரு ஹேர் டிரையரை மட்டும் மனதில் வைத்து பிளக் வைத்தார்கள். மேசைக்கு மேல் அமெரிக்கத் தட்டைப் பின் ஒன்றோ இரண்டோ, ஐரோப்பிய உருண்டைப் பின் ஒன்று. புதுப்பிக்காத அறையில் கட்டில் பக்கம் எதுவும் இருக்காது. நம் மூன்று பின் பிளக் எதிலும் நுழையாது. மெல்லிய இரண்டு பின் சார்ஜர் ஐரோப்பியத் துளையில் போகும். ஆகவே அந்தத் துளைக்கு ஒன்றும், அமெரிக்கத் துளைக்கு ஒன்றுமாக இரண்டு யூஎஸ்பி சார்ஜர் கொண்டுபோனால் நான்கு ஃபோன் வரை ஓடும்.

சர்ஜ் புரொடெக்டர் (திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் பாகம்) உள்ள பவர் ஸ்ட்ரிப் பெட்டியில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கெடுபிடிக்காகச் செய்வதில்லை. வீட்டில் ஒரு கம்பி நியூட்ரல், பூமியோடு இணைந்தது. கப்பலில் பல இடங்களில் இரண்டு கம்பியிலும் மின்னழுத்தம் உண்டு, எதுவும் இரும்பு உடலோடு இணைந்திருக்காது. எங்கோ ஒரு கம்பி கப்பல் உடலைத் தொட்டுவிட்டால், மற்றக் கம்பிக்கும் உடலுக்கும் இடையே அழுத்தம் ஏறும். புரொடெக்டருக்குள் இருக்கும் பாகம் அதை இடி மின்னல் என்று எடுத்துக்கொண்டு ஓயாமல் மின்சாரத்தைக் கடத்தி, சூடாகி, தீப்பிடிக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-இல் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. ராயல் கரீபியன் 2024-இல் ஒன்றைப் பலவாக்கும் மல்டி பிளக்கையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. எலக்ட்ரிக் குக்கர், கெட்டில், இமர்ஷன் ராட், இஸ்திரிப்பெட்டி எதையும் நான்கு வகைக் கப்பலிலும் கொண்டுபோகக் கூடாது. துணி தேய்க்க வேண்டுமென்றால் ஆர் கப்பல்களிலும் கார்னிவலிலும் பயணிகளே பயன்படுத்தும் சலவை அறை உண்டு. ராயல் கரீபியனில் இல்லை.

பழைய கப்பலின் ஒரு நல்ல குணம்: சுவர்கள் லேமினேட் ஒட்டிய இரும்புத் தகடு. ஆறு காந்தக் கொக்கி கொண்டுபோனால் தொப்பி, பை, ஈரத் துணி எல்லாம் சுவரில் ஏறி, தரை காலியாகும். 140 சதுர அடி அறையில் இது பெரிய லாபம்.

மேல்தளம்

இங்கே வரிசை தலைகீழாகும். அறை பெரிதாக இருந்த எலேஷனிலும் பாரடைஸிலும் திறந்த வெளிதான் நெருக்கடி. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், ஒரு பெரிய நீச்சல்குளம், சறுக்கு விளையாட்டுக்கு ஒரு பகுதி, பெரியவர்களுக்கு மட்டுமான செரினிட்டி மூலை. கப்பல் எங்கும் நிற்காத கடல் நாளில் காலை ஒன்பதரைக்கு மேல் குளக்கரையில் நாற்காலி கிடைப்பது கஷ்டம். துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டுப் போகிறவர்களின் பொருளை 40 நிமிடத்துக்குப் பிறகு எடுத்துவிடலாம் என்பது கார்னிவலின் விதி. சிப்பந்தியிடம் சொன்னால்தான் நடக்கும். அறையில் உட்கார்ந்து கடல் பார்க்கவும் வழி குறைவு, ஏனென்றால் பால்கனி அறைகள் கொஞ்சம்தான், அவையும் பெரும்பாலும் பின்னால் சேர்த்தவை.

விஷன் வகுப்பின் பலம் சோலாரியம். திறந்து மூடும் கண்ணாடிக் கூரையின் கீழ் ஒரு குளம், பெரியவர்களுக்கு மட்டும். மழை, குளிர், காற்று எதுவானாலும் உட்காரலாம். பிரதான குளத்துக்கு மேலே பத்தாம் தளத்தில் ஓடுபாதை. என்சான்ட்மென்டை 2005-இல் ராட்டர்டாமில் நடுவே வெட்டி 22 மீட்டர் துண்டைச் சேர்த்ததால் அதன் குளக்கரை மற்ற மூன்றையும்விட விசாலம். இந்த வகுப்பில் எது கிடைத்தாலும் சரி என்றால் அதைப் பிடியுங்கள்.

ஆர் கப்பலில் குளம் ஒன்றே ஒன்று, பக்கத்தில் இரண்டு வெந்நீர்த் தொட்டி. இருப்பவர்களும் சுமார் 680 பேர்தான், அதனால் நாற்காலிக்குச் சண்டை இல்லை. நடப்பவர்களுக்குத்தான் ஏமாற்றம். ஓடுபாதையில் ஒரு மைல் நடக்கப் பதின்மூன்று சுற்றுப் போல வர வேண்டும், தலை சுற்றும். ஐந்தாம் தளத்தின் இரு பக்கமும் உள்ள நடைபாதை கப்பலைச் சுற்றி முழுவதும் போகாது. ஆனால் லைஃப் போட்டுகளின் நிழலில் நாற்காலி போட்டிருக்கும் அந்த இடம் கப்பலிலேயே அமைதியானது, பலர் கண்ணில் படுவதே இல்லை. மூன்றில் இரண்டு பங்கு அறைகளுக்குப் பால்கனி உண்டு என்பதால் பொதுத்தளத்தில் கூட்டம் சேராது.

நடைக்கு வோலண்டாம், ஸான்டாமை அடிக்க இந்த வரிசையில் ஆள் இல்லை. மூன்றாம் தளத்தில் தேக்குப் பலகை போட்ட அகலமான பாதை கப்பலை முழுச் சுற்றுச் சுற்றி வரும். நாலு சுற்றுக்குள் ஒரு மைல் ஆகிவிடும். மேலே தளம் கூரையாக நிற்பதால் மழையிலும் நடக்கலாம். மேல்தளக் குளத்துக்கு இழுத்து மூடும் கூரை, பின்பக்கம் திறந்த குளம் இன்னொன்று. அலாஸ்காவுக்கு இந்த ஜோடி பொருந்துவது இதனால்தான். ஒரு குறை: மூன்றாம் தளத்து ஜன்னல் அறைகளுக்கு வெளியே அதே நடைபாதை. பகலில் கண்ணாடி கறுப்பாக இருந்து உள்ளே தெரியாது. இருட்டிய பிறகு அறையில் விளக்குப் போட்டால் நடப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். திரையை இழுக்க மறந்தால் அவ்வளவுதான்.

எதை எடுப்பது

பெற்றோரைக் கூட்டிக்கொண்டு குளிர்ப் பிரதேசம் போகிறவர்களுக்கு வோலண்டாம் ஜோடி. பிள்ளைகளோடு மூன்று நான்கு நாள், கையைக் கடிக்காத காசில் என்றால் எலேஷன், பாரடைஸ். தினமும் ஒரு ஊரில் இறங்கிச் சுற்றிவிட்டு இரவு மட்டும் கப்பலுக்கு வரும் தம்பதிக்கு ஆர் கப்பல். விலை மற்ற மூன்றையும்விட நிறைய, ஷவரைச் சகித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் கடல் நாள் அதிகம், அறையில் தூங்க மட்டும்தான் போவோம் என்றால் விஷன் வகுப்பே போதும்.

பணம் கட்டுவதற்கு முன் தளப் படத்தில் அறை எண்ணைத் தேடி, அதன் மேலே என்ன, கீழே என்ன என்று பாருங்கள். ஆர் கப்பலிலும் விஷன் வகுப்பிலும் குளம் ஒன்பதாம் தளத்தில்; நேர் கீழே எட்டாம் தளத்து அறையில் விடிகாலையே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். ஆர் கப்பலின் ஆறாம் தளத்து ஜன்னல் அறைகள் சிலவற்றில் பாதிக் கடலை லைஃப் போட் மறைக்கும், விலையும் அதற்கேற்பக் குறைவு. அறை எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும் ‘கேரன்டி’ டிக்கெட் புதுக் கப்பலில் லாபமாக முடியலாம். பழைய கப்பலில் மற்றவர்கள் படத்தைப் பார்த்துத் தள்ளிவிட்ட அறை உங்கள் தலையில் விழ வாய்ப்பு அதிகம். ஒரு இரவுக்குப் பத்துப் பதினைந்து டாலர் கூடக் கொடுத்து எண்ணோடு வாங்கிவிடுங்கள்.