எல்.சி. பணத்தை நிறுத்துவதா, கணக்கை முடக்குவதா?

எல்.சி. என்பது, கேட்ட ஆவணங்கள் சரியாக இருந்தால் விற்றவருக்குப் பணம் தருவதாக வாங்குபவர் சார்பில் வங்கி கொடுக்கும் வாக்கு. சரக்கு மோசம், ஆனால் எல்.சி.யில் கேட்ட ஆவணங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. வங்கி பணம் கொடுக்கப் போகிறது. வாங்கியவர் வங்கி மேலேயே தடையாணை கேட்கலாம். இல்லையென்றால் பணம் போகட்டும் என்று விட்டு, விற்றவரின் கணக்கை முடக்கக் கேட்கலாம். எங்கள் நிறுவனம் இரண்டாவதைத்தான் எடுத்தது. இன்னொரு முறை வந்தாலும் அதையே சொல்வேன்.

வங்கி பார்ப்பது ஆவணத்தை, சரக்கை அல்ல என்பது தெரிந்த கதை. மோசடியைத் தெளிவாகக் காட்டினால்தான் நீதிமன்றம் காது கொடுக்கும். 1941இல் நியூயார்க்கில் வந்த ஸ்டெய்ன் வழக்கில், பிரஷ் செய்யும் முடிக்குப் பதிலாக மாட்டு முடியும் குப்பையும் வந்ததாகப் புகார். வெறும் தரக்குறைவு அந்த அளவுக்கு வராது.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று. 1977இல் இங்கிலாந்தின் ஹார்பாட்டில் வழக்கில் (அது பேங்க் கியாரண்டி வழக்கு, ஆனால் தர்க்கம் இதற்கும் பொருந்தும்) நீதிபதி கெர் கேட்டது இதுதான்: மோசடி என்று தெரிந்தே வங்கி பணம் கொடுத்தால் அதை உங்கள் கணக்கில் பற்று வைக்க முடியாது. வைத்தால் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு வாங்கலாம்; வங்கி எங்கே ஓடிவிடப் போகிறது? அப்புறம் தடை எதற்கு? வங்கிக்கு மோசடி தெரியாது என்றாலோ, தடை கேட்க அடிப்படையே இல்லை. ஆக, எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சுவர்.

முடக்க ஆணை இந்தச் சுவரைச் சுற்றிப் போகிறது. 1975ஆம் ஆண்டு மரேவா வழக்கால் பெயர் பெற்ற இந்த ஆணை விற்றவர் மேல் போடப்படுவது. வங்கி தன் வாக்கைக் காப்பாற்றிப் பணம் கொடுத்துவிடலாம். கொடுத்த பணம் விற்றவர் கணக்கில் விழுந்ததும் அங்கேயே நிற்கும். ஆணையைத் தெரிந்துகொண்டே பணத்தை வெளியே விட்டால், அந்தக் கணக்கு இருக்கும் வங்கிக்கு நீதிமன்ற அவமதிப்பு.

இதற்கும் விலை உண்டு. சொத்தை ஒளித்துவிடுவார் என்ற அச்சத்துக்கு ஆதாரம் வேண்டும், நமக்குப் பாதகமான விவரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஆணை தவறென்று தெரிந்தால் நஷ்ட ஈடு தருவதாக உறுதி கொடுக்க வேண்டும். விற்றவர் திவாலானால் மற்ற கடன்காரர்களுக்கு முன்னால் நமக்கு இடமும் கிடையாது. கணக்கு இருக்கும் வங்கி கவனக்குறைவாகப் பணத்தை விட்டுவிட்டால் அதனிடம் நஷ்ட ஈடு கேட்க முடியாது என்று 2006இல் பார்க்லேஸ் வங்கி வழக்கில், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது.

எங்கள் விஷயத்தில் விற்றவரின் கணக்கு அதே நாட்டில் இருந்தது. வெளிநாட்டுக் கணக்கென்றால் என் அனுபவம் உதவாது. ஒன்று மட்டும்: கணக்கு எண்ணும் கிளையும் தெரிந்தால் ஆணையோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். வங்கி கிளை கிளையாகத் தேடினால் அந்தச் செலவும் நம் தலையில்தான்.